அத்தியாயம் 9: ஸ்டான்லியா – பட்டினி போட்டு வளர்க்க வேண்டிய செடி

மே மாதத்தில் நெவாடாவிலோ தெற்கு யூட்டாவிலோ நெடுஞ்சாலையில் போயிருந்தால் இந்தச் செடியைப் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறச் சரிவு, பொடிப்பொடியான களிக்கல், ஒட்டிக் கிடக்கும் புதர்கள். நடுவில் இடுப்புயரத்துக்கு மஞ்சள் கதிர்கள் நிமிர்ந்து நிற்கும். ஊர்க்காரர்கள் இதைப் பிரின்ஸ் ப்ளூம் என்கிறார்கள். இளவரசனின் தலைப்பாகையில் செருகிய இறகு என்று அர்த்தம். தாவரவியல் பெயர் ஸ்டான்லியா பின்னாட்டா. தோட்டக்காரர்கள் சுருக்கமாக ஸ்டான்லியா என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

இது கடுகுக் குடும்பம். ஆனால் நம் அஞ்சறைப்பெட்டிக் கடுகைப் போல ஒரே பருவத்தில் முளைத்து, காய்த்து, காய்ந்துபோவதில்லை. அடித்தண்டு கட்டையாகி, ஆணிவேர் ஆழமாக இறங்கி, வருடா வருடம் பூக்கும். கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா, யூட்டா, கொலராடோ, வயோமிங் என்று அமெரிக்காவின் மேற்கு வறண்ட நிலம் முழுக்க இதன் வீடு. அந்தப் பக்கம் குடியிருந்து, வீட்டு முன்புறப் புல்வெளியை எடுத்துவிட்டு நாட்டுச் செடிகள் வைக்க நினைக்கும் வாசகருக்காகத்தான் இந்த அத்தியாயம்.

தொடங்கும் முன் ஒன்று. ஸ்டான்லியாவை வறட்சி கொன்று நான் பார்த்ததில்லை. நம் கைப்பழக்கம்தான் கொல்கிறது. செடி என்றால் குழியில் எரு போடுவோம், தினமும் தண்ணீர் காட்டுவோம், கடுகு ஜாதி என்று தெரிந்தால் கீரை ருசி பார்க்க ஒரு கொழுந்தைக் கிள்ளுவோம். முதல் இரண்டும் செடிக்கு ஆகாது. மூன்றாவது உங்களுக்கு ஆகாது.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வறண்ட நிலத்தில் மஞ்சள் பூக்கும் கடுகு ஜாதிகள் ஏராளம். இந்த வரிசையில் பாருங்கள்:

1. தூரத்திலிருந்து கதிர். ஒரே கதிரில் உச்சியில் மொட்டு, நடுவில் பூ, கீழே காய் என்று மூன்றும் சேர்ந்து இருக்கும். பூ கீழிருந்து மேலாக ஏறும். செடி பொதுவாக அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை.

2. குனிந்து அடித்தண்டு. கட்டையாக, வெளுத்த பட்டையோடு இருக்கும். போன வருடத்துக் காய்ந்த தண்டுகள் ஒன்றிரண்டு பக்கத்தில் நின்றால் பல்லாண்டுச் செடி என்பது கிட்டத்தட்ட உறுதி.

3. இலை. அடி இலைகள் இறகுபோல இரு பக்கமும் பிளந்திருக்கும். பின்னாட்டா என்ற பெயர் அதனால் வந்ததே. மேலே போகப் போகப் பிளவு மறைந்து ஈட்டி வடிவ முழு இலையாகும். நிறம் மெழுகு பூசியதுபோன்ற சாம்பல் பச்சை.

4. பூ. நான்கு இதழ். வெளியே உள்ள புல்லி இதழ்களும் மஞ்சள்தான். அவை பூ விரிந்ததும் பின்னால் மடங்கிவிடும்.

5. காய். மெலிந்து நீண்டு, வளைந்து, கீழ்நோக்கித் தொங்கும்.

கையில் 10 மடங்கு லென்ஸ் இருந்தால் நான்காவது, ஐந்தாவது படிகளில் சற்று நேரம் செலவிடுங்கள். காலை வெயில் ஏறுமுன் விரிந்த பூ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதழின் அடிப்பகுதியில், உட்புறமாக, மெல்லிய ரோமம் அடர்ந்திருக்கும். ஆறு மகரந்தத் தாள்களும் இதழைத் தாண்டி வெளியே நீளும். கடுகுப் பூவில் நான்கு நீளம், இரண்டு குட்டை என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே ஆறும் ஏறக்குறைய ஒரே நீளம். மகரந்தப் பை வெடித்துத் தூளைக் கொட்டியதும் நுனி சுருள ஆரம்பிக்கும். காலையில் நேராக இருந்தது பிறகு கடிகாரச் சுருள்வில்போல வளைந்திருக்கும். கதிர் முழுக்க ஒரு கலைந்த, பறவை இறகு போன்ற தோற்றம் வருவது இந்த நீண்ட தாள்களால்தான்.

காயைக் கையில் எடுத்தால் இன்னொரு விஷயம் தெரியும். பூக்காம்பு முடியுமிடத்தில் ஒரு சிறு முண்டு இருக்கும். இதழ்கள் உதிர்ந்த தழும்பு அது. அதற்கு அப்பால் இன்னொரு காம்பு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீண்டு, அதன் நுனியில்தான் காய் தொடங்கும். காம்புக்கு மேல் காம்பு. நம் ஊர் நல்வேளைச் செடியின் காயைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1814-இல் ஃபிரடெரிக் பர்ஷ் இந்தச் செடிக்கு முதலில் பெயர் வைத்தபோது அதை கிளியோமி பேரினத்தில்தான் சேர்த்தார். நல்வேளைக்கும் வெகுகாலம் அதே பேரினப் பெயர்தான். பிறகு 1818-இல் தாமஸ் நட்டால் இதைத் தனியாகப் பிரித்து, பறவை ஆர்வலரான எட்வர்ட் ஸ்மித் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டினார்.

தவறாக எடுத்துக்கொள்ளும் செடிகள்

- சஹாரா கடுகு. மொகாவி, சோனோரன் பாலைகளில் புகுந்த களை. ஒருபருவச் செடி, இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். பூ சிறியது, மங்கிய மஞ்சள். அடியில் கட்டை கிடையாது. இதன் விதையைத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் தெரு முழுவதும் களை எடுக்க நேரும்.
- மஞ்சள் பீபிளாண்ட். நல்வேளையின் உறவு. காய்க்கு இதற்கும் நீண்ட காம்பு உண்டு, அதனால் காயைப் பார்த்துக் குழப்பம் வரும். இலை தீர்த்துவைக்கும்: ஐந்து விரல் விரித்த கை போன்ற கூட்டிலை.
- வெள்ளை ஸ்டான்லியா. பூ வெளிறிய மஞ்சளும் வெள்ளையும். இரண்டு வருடத்தில் ஆயுள் முடியும். தோட்டத்துக்கு வாங்கும்போது விதை உறையில் பின்னாட்டா என்று இருக்கிறதா பாருங்கள்.

காட்டில் பார்க்கப் போகும்போது

தாழ்வான மொகாவிப் பகுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை பூக்கும். உயரமான இடங்களில் கோடை முழுக்கக் கூடப் பார்க்கலாம். டெத் வேலி, சயான், கேபிடல் ரீஃப் தேசியப் பூங்காக்களில் இது உண்டு. கிழக்கு யூட்டாவிலும் மேற்குக் கொலராடோவிலும் மான்கோஸ் களிக்கல் என்ற சாம்பல் பாறை வெளிப்படும் இடங்களில் தேடினால் தவறாது.

பாதுகாப்பு விஷயத்தில் சுருக்கம் கூடாது. படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

1. தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். காரில் தனியாகக் கொஞ்சம் வைத்திருங்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

2. காய்ந்த ஓடை. ஸ்டான்லியா விரும்பி நிற்கும் இடங்களில் மணல் ஓடைப் படுகையும் ஒன்று. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும், தொலைவில் மலை மேல் கருமேகம் தெரிந்தால் உடனே கரையேறுங்கள். அங்கே பெய்த மழை சேறும் கட்டையுமாக இங்கே வந்து சேரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இது அடிக்கடி நடக்கும்.

3. கறுப்பு மண் மேல் கால் வைக்காதீர்கள். கொலராடோ பீடபூமியில் மண்ணின் மேற்பரப்பு சில இடங்களில் கருத்து, கரடுமுரடாக, சின்னச் சின்னக் கோபுரங்கள்போல இருக்கும். பாசியும் நீலப்பசும் நுண்ணுயிரிகளும் லைக்கன்களும் சேர்ந்து நெய்த உயிருள்ள மேலோடு அது. மண் காற்றில் பறக்காமல் பிடித்துவைப்பது அதுதான். ஒரு காலடித் தடம் ஆற வருடக்கணக்கில் ஆகும். பாதையிலோ, பாறையிலோ, ஓடை மணலிலோ மட்டும் நடங்கள். படம் எடுக்க ஓர் அடி கிட்டே போகலாம் என்று தோன்றும், போகாதீர்கள்.

4. புதருக்கடியில் கை விடாதீர்கள். கிலுகிலுப்பைப் பாம்பு நிழல் தேடும் இடமும் அதுவே.

5. எதையும் பறிக்காதீர்கள். தேசியப் பூங்காவில் ஒரு காய் எடுப்பதும் சட்டப்படி குற்றம். மற்ற அரசு நிலங்களில் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் விதை எடுக்க அனுமதி இருக்கலாம். அந்தப் பகுதிக் கள அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். செடியைத் தோண்டி எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்க, அந்த ஆணிவேரை முழுசாக எடுக்கவே முடியாது. தோண்டிய செடி சாகும்; காட்டிலும் ஒன்று குறையும்.

செலினியம்: இதைப் படிக்காமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்

இலையைக் கசக்கினால் முட்டைக்கோஸ் வாடை வரும். கடுகு, கோஸ், முள்ளங்கி எல்லாம் உறவு என்பதால் கை தானாக வாய்க்குப் போகும். போகக் கூடாது.

மண்ணில் இருக்கும் செலினியம் என்ற தனிமத்தைச் சேர்த்துக் குவிக்கும் செடி ஸ்டான்லியா. செலினியம் மிகுந்த மண்ணில் வளர்ந்தால், ஒரு கிலோ உலர்ந்த இலையில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் உலர்ந்த இலையில் 1,000 மைக்ரோகிராம். வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 55 மைக்ரோகிராம்; தாண்டக் கூடாத எல்லை 400. அரை கிராம் உலர்ந்த இலையே எல்லையை மீறிவிடும். தொடர்ந்து அதிகமானால் முடி உதிரும், நகம் பொடியும், மூச்சில் பூண்டு வாடை அடிக்கும், நரம்பு பாதிக்கும்.

சாதாரணச் செடியில் செலினியம் புகுந்தால் கந்தகத்தின் இடத்தைப் பிடித்துப் புரதங்களைக் கெடுத்துவிடும். ஸ்டான்லியா அதை மெத்தில் செலினோசிஸ்டீன் என்ற வடிவத்துக்கு மாற்றி, புரதத்துக்குள் நுழையவிடாமல் ஓரமாக வைத்துக்கொள்கிறது. அந்த நஞ்சுதான் அதற்குக் காவல். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் பிலன்-ஸ்மிட்ஸ் குழுவினர் செய்த ஆய்வுகளில், செலினியம் மிகுந்த ஸ்டான்லியாவைப் புல்வெளி நாய் என்ற கொறிவிலங்கு தவிர்த்தது. ஆனால் கோஸ் விவசாயிகளுக்கெல்லாம் தெரிந்த வைரமுதுகு அந்துப்பூச்சியில் ஒரு வகை மட்டும் இந்த நஞ்சைத் தாங்கப் பழகியிருந்ததையும் அதே குழு கண்டது.

1930-களில் வயோமிங்கில் ஆர்வில் பீத் போன்றவர்கள் மேய்ச்சல் நிலங்களில் மாடு குதிரைகளுக்குக் குளம்பு கழன்று, வால்முடி உதிர்வதற்கான காரணத்தைத் தேடியபோது இந்த மாதிரிச் செடிகளிடம் வந்து சேர்ந்தார்கள். காட்டில் ஸ்டான்லியா தழைத்து நிற்கும் மண்ணில் பெரும்பாலும் செலினியம் இருக்கும் என்று அப்போதுதான் தெரியவந்தது. 1950-களில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஹெலன் கேனன் செலினியம் காட்டும் செடிகளையே தடமாகப் பிடித்து யுரேனியத் தாது தேடும் முறையை உருவாக்கினார். கொலராடோ பீடபூமியில் அந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே கிடந்தன.

பையூட் உள்ளிட்ட பழங்குடி மக்கள் இளம் இலையை வேகவைத்து, தண்ணீரைப் பிழிந்து கொட்டி உண்டிருக்கிறார்கள். தலைமுறைகளாக அந்த மண்ணோடு வாழ்ந்தவர்களின் முறை அது. ஒரு வரி படித்துவிட்டு நம் அடுப்பில் செய்து பார்க்கத் தக்கதல்ல.

வீட்டில் வைப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. இலை, பூ, காய், விதை எதையும் தின்னாதீர்கள். குழந்தைகளிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.
2. ஆடு, குதிரை, முயல் எட்டும் வேலியோரத்தில் நடாதீர்கள்.
3. வெட்டிய தண்டு, உதிர்ந்த இலை எதையும் காய்கறிப் பாத்திக்கான மக்குக் குப்பையில் போடாதீர்கள். குப்பை வண்டியில் கொடுங்கள். செலினியம் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கம் 1983-இல் காட்டியது: வயல் வடிகால் நீரோடு வந்து தேங்கிய செலினியத்தால் நீர்ப்பறவைக் குஞ்சுகள் கண்ணில்லாமலும் அலகு கோணியும் பிறந்தன.
4. வெட்டும்போது கையுறை போடுங்கள். முடித்ததும் கை கழுவுங்கள்.
5. மண்ணில் சந்தேகம் இருந்தால், குறிப்பாக உங்கள் ஊர் சாம்பல் களிக்கல் பகுதியில் இருந்தால், மண் பரிசோதனைக்கு அனுப்பும்போது செலினியத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

சாதாரணத் தோட்ட மண்ணில் செலினியம் குறைவாகவே இருக்கும், செடியிலும் குறைவாகவே சேரும். செலினியம் இல்லாவிட்டாலும் ஸ்டான்லியா நன்றாக வளரும், பூக்கும். ஆனாலும் மேலே சொன்ன ஐந்தில் ஒன்றையும் தளர்த்தாதீர்கள். இலையைப் பார்த்து எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

விதை

நாட்டுச் செடி விதை விற்கும் கடைகளிலும், மாநில நாட்டுத் தாவரச் சங்கங்களின் விற்பனை நாட்களிலும் கிடைக்கும். உங்கள் ஊர்க் குளிருக்கும் உயரத்துக்கும் பக்கத்தில் உள்ள இடத்தில் சேகரித்த விதையைக் கேட்டு வாங்குங்கள்.

நண்பர் தோட்டத்திலிருந்து எடுப்பதானால்:

1. காய் பச்சை மாறி வைக்கோல் நிறம் வரும்வரை காத்திருங்கள். கீழ்க் காய்தான் முதலில் பழுக்கும்.
2. காகிதப் பையைக் கதிருக்கடியில் பிடித்துக்கொண்டு காயை நறுக்குங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்; வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.
3. ஒரு வாரம் நிழலில் உலர்த்திக் கையால் நசுக்குங்கள். கடுகுக் காய்போலவே இரண்டு ஓடும் பிரிந்து, நடுவில் கண்ணாடித்தாள் போன்ற சவ்வு நிற்கும். விதை கடுகுபோல உருண்டை அல்ல. பழுப்பு நிறத்தில் நீண்டிருக்கும்.
4. முறத்தில் லேசாகப் புடைத்து, காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதுங்கள்.

ஊருக்குப் போகும்போது அம்மா தோட்டத்துக்குக் கொஞ்சம் எடுத்துப் போகலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையை இந்தியாவுக்குள் கொண்டுபோகச் சட்டம் இடம் தராது. தவிர, நம் ஐப்பசி மழையில் இந்த வேர் அழுகிவிடும்.

இடமும் மண்ணும்

முழு வெயில் வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சரிவு இருந்தால் நல்லது. சமதரையானால் ஒரு முழம் உயரத்துக்கு மண்மேடு கட்டுங்கள்.

வடிகால் சோதனை எளிது. 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய தண்ணீர் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கினால் அந்த இடம் போதும். மறுநாளும் தேங்கி நின்றால் வேறு இடம் பாருங்கள், அல்லது மேட்டை உயர்த்துங்கள்.

மண் ஏழையாக இருக்கட்டும். சுண்ணாம்பும் ஜிப்சமும் கலந்த மண், சரளை, களிக்கல் பொடி எல்லாம் ஒத்துக்கொள்ளும். களிமண்ணையும் தாங்கும், தண்ணீர் தேங்காதவரை. எரு, மண்புழு உரம், மீன் அமிலம், எதுவும் வேண்டாம். முதல் முறை நட்டபோது மனசு கேட்காமல் குழியில் இரண்டு கூடை மக்கு உரம் போட்டேன். செடி பிரமாதமாக வந்தது: பச்சைப் பசேலென்று, கை அகல இலையோடு. ஜூலைக் காற்றில் தண்டு நிற்காமல் சாய்ந்தது. தூக்கிக் கட்டக் குனிந்தபோது அடிக்கட்டை என் விரலுக்கடியில் ஈரப் பஞ்சாக நசுங்கியது. பக்கத்தில் சரளையில் தானாக விழுந்து முளைத்த ஒரு கன்று அதில் பாதி உயரம்தான். ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் பூத்தது அதுதான்.

விதைப்பு

இரண்டு வழி. முதல் வழியையே நான் பரிந்துரைப்பேன்.

*வழி ஒன்று: நேரடியாக நிலத்தில்*

1. அக்டோபர், நவம்பரில் இடத்தைக் களையெடுத்துச் சீப்பு வாரியால் லேசாகக் கீறுங்கள்.
2. ஓரிடத்துக்கு ஐந்தாறு விதை. இடங்களுக்கு நடுவே 60 முதல் 90 சென்டிமீட்டர்.
3. அரை சென்டிமீட்டர் மண் போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். மேலே மெல்லிய சரளைத் தூவல்.
4. பறவை கிளறாமல் கம்பி வலை கவிழ்த்துவையுங்கள்.
5. குளிர்கால மழையும் பனியும் பார்த்துக்கொள்ளும். மழையே இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை நனையுங்கள்.
6. வசந்தத்தில் முளைத்ததும் வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அசையும்.

எல்லா விதையும் ஒரே சமயத்தில் முளைக்காது. இரண்டு மூன்று வந்ததும் போதும் என்று இடத்தைக் கொத்திவிடாதீர்கள். அடுத்த வசந்தத்திலும் சில தலைகாட்டும்.

*வழி இரண்டு: தொட்டியில்*

இங்கே எல்லாமே வேரின் ஆழத்தைப் பொறுத்தது. மேலே இரண்டு இலை மட்டும் விரித்திருக்கும்போதே கீழே வேர் ஒரு விரல் நீளம் போயிருக்கும். சாதாரணப் பிளாஸ்டிக் கப்பில் விதைத்தால் வேர் அடியைத் தொட்டு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அப்படிச் சுற்றிய வேரை நடும்போது நேராக்க நினைத்து, எட்டுக் கன்றில் ஆறை ஒரே மாலையில் ஒடித்திருக்கிறேன். முள்ளங்கி ஒடியும் அதே சத்தம்.

1. அரை கேலன் பால் அட்டைப் பெட்டியை எடுத்து, வாயை வெட்டி, அடியில் நான்கு ஓட்டை போடுங்கள். நர்சரியில் கிடைக்கும் நீளக் குழாய்த் தொட்டி இன்னும் நல்லது.
2. இரண்டு பங்கு கரடுமணல் அல்லது படிகக்கல் பொடி, ஒரு பங்கு தோட்ட மண். கடையில் விற்கும் ஈரம் பிடிக்கும் தொட்டிக் கலவை வேண்டாம்.
3. பெட்டிக்கு மூன்று விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். இலையுதிர் காலத்தில் விதைத்து வெளியிலேயே விடுங்கள்.
4. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். கன்று திடீரென்று அடியில் கறுத்து மடங்கினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்.
5. நான்கைந்து உண்மையான இலை வந்ததும் நட்டுவிடுங்கள். பெரிதாகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.
6. நடும்போது கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள். பெட்டியின் பக்கங்களைக் கிழித்து, மண்ணோடு சேர்த்துக் குழியில் இறக்குங்கள்.

நடும் காலம்: ஃபீனிக்ஸ், லாஸ் வேகஸ் போன்ற வெப்ப ஊர்களில் இலையுதிர் காலம். டென்வர், சால்ட் லேக் சிட்டி போன்ற கடுங்குளிர் ஊர்களில் வசந்தம்.

தண்ணீர்: கொடுத்து, பிறகு நிறுத்துவது

நட்ட முதல் மாதம் வாரம் ஒருமுறை. முதல் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆனால் ஆழமாக. குழாயை மெல்லத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். இரண்டாம் வருடம் வெயில் மாதங்களில் மாதம் ஒருமுறை. மூன்றாம் வருடத்திலிருந்து மழையே போதும்; மிகக் கடுமையான கோடையில் ஒன்றிரண்டு முறை ஆழ நனைத்தால் போதுமானது.

சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள் கவனிக்க: இரண்டாம் வருட முடிவில் இந்தச் செடிக்குப் போகும் சொட்டானைக் கழற்றி அடைப்பான் போட்டுவிடுங்கள். தானியங்கிக் கடிகாரம் பாட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்; நாம் மறந்துவிடுவோம்.

குறிப்பு: மேலே மூடாக்காக 3 முதல் 5 சென்டிமீட்டர் சரளை போடுங்கள். அடித்தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். மரச்சீவல் மூடாக்கு ஈரத்தைப் பிடித்துத் தண்டை அழுக வைக்கும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*முதல் வருடம் பூக்கவில்லையே?* பூக்காது. அந்த வருடம் வேருக்கானது. பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் வருடம்தான் முதல் கதிர். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டுவிடாதீர்கள்.

*குளிர்காலத்தில் செத்துவிட்டதுபோல இருக்கிறது.* மேல்தண்டுகள் காய்வது வழக்கம். அடிக்கட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வசந்தம் முடியும்வரை பிடுங்காதீர்கள்.

*இலையைப் புழு தின்கிறது.* மருந்தைத் தொடும் முன் அது யார் என்று பாருங்கள். பெக்கர்ஸ் வொயிட் என்ற வெள்ளைப் பட்டாம்பூச்சி முட்டையிடும் செடிகளில் ஸ்டான்லியாவும் ஒன்று. சிறகின் அடிப்பக்கம் பச்சை நரம்பு வரைந்ததுபோல இருக்கும். அதன் புழு கொஞ்சம் தின்றால் செடிக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள். உங்கள் மண்ணில் செலினியம் குறைவென்றால் அசுவினியும் வரலாம். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து உதிர்த்தால் போதும். பூக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்கவே கூடாது. காலையில் ஒரு கதிரின் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள், எத்தனை வகைக் காட்டுத் தேனீ வருகிறது என்று.

பூத்து முடிந்த பிறகு

கதிரை உடனே வெட்டாதீர்கள். கீழ்க் காய்கள் வெடித்துக் கொஞ்சம் விதை உதிரட்டும்; தாய்ச் செடிக்குப் பக்கத்தில் தானாக முளைக்கும் கன்று, நாம் நட்டதைவிட எப்போதும் உறுதியாக இருக்கும். மீதிக் காயைத் தேவைக்குச் சேகரித்துக்கொள்ளுங்கள். தெருப்பக்கம் விதை பரவ வேண்டாம் என்றால் அந்தப் பக்கத்துக் கதிர்களை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடலாம்.

காய்ந்த தண்டுகளைக் குளிர்காலம் முழுக்க நிற்கவிட்டு, பிப்ரவரி கடைசியில், புதுத் துளிர் வரும் முன், அடிக்கட்டைக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். கட்டைக்குள் வெட்டக் கூடாது. அங்கிருந்துதான் இந்த வருடத் துளிர் வரும். கையுறையோடு வெட்டியதைக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கத்தரியையும் கழுவி வையுங்கள். மார்ச்சில் அந்தக் கட்டையின் பக்கவாட்டில் சாம்பல் பச்சையாக ஒரு மொட்டு, நெல்மணி அளவுதான், வெடிக்கும். அன்றைக்குத் தண்ணீர்க் குழாயை எடுக்காதீர்கள்.